மூன்று ரிப்போர்ட், மூன்று பதில்: எச்.பி.வி. பாசிட்டிவ் வந்தவர் எதை நம்புவது?

கேள்வி: எனக்கு வயது 44. குடவாசல் பக்கம் கிராமம். இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப்பிரசவம். நடவு, களையெடுப்பு வேலைக்குப் போகிறேன். நான்கு மாதம் முன்பு ஊரில் நடந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாமில் ஒரு குச்சியைக் கொடுத்து, மறைவாகப் போய் நீங்களே எடுத்து வாருங்கள் என்றார்கள். "16, 18 இல்லை, மற்ற ஹை ரிஸ்க் எச்.பி.வி. பாசிட்டிவ்" என்று ரிசல்ட் வந்தது. எச்.பி.வி. என்பது அந்தப் புற்றை வரவைக்கக்கூடிய வைரஸாம். ஆனால் போன வருஷம்தான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து தடவிப் பார்த்து நெகட்டிவ் என்றார்கள். பிறகு கும்பகோணத்தில் ஒரு கிளினிக்கில் பாப் ஸ்மியர் எடுத்தேன், செல்களைத் தடவி எடுத்து லேபில் பார்ப்பார்களாம். "மாதிரி போதாது, ரத்தமும் அழற்சியும் மறைக்கிறது" என்று வந்தது. மாத்திரை கொடுத்து மறுபடி எடுத்தார்கள். "நார்மல், உள்வாய் செல்கள் இல்லை" என்று வந்தது. இப்போது தஞ்சாவூருக்குப் போய்க் கால்போஸ்கோப்பி, அதாவது கருவியால் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை, பார்க்கச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் சதை எடுப்பார்களாம், உள்ளே சுரண்டியும் எடுப்பார்களாம். நானே எடுத்ததால் தப்பாக வந்திருக்குமா? இத்தனை விதமாக எடுக்கிறார்களே, எதுதான் சரி? சதை எடுத்தால் நோய் பரவிவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. கணவரோடு சேர்ந்த பிறகு சமயத்தில் லேசாக ரத்தம் படும். வெள்ளைப்படுதலால் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. என் நாத்தனாருக்கு 58 வயது. அவருக்கு அந்தக் குச்சி போதுமா?
வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

தஞ்சாவூருக்குப் போய்க் கால்போஸ்கோப்பி பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு ஸ்மியர் எடுக்கலாமா, ஒரு வருஷம் பொறுக்கலாமா என்ற யோசனை உங்கள் விஷயத்தில் வேண்டாம். இப்படி உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம், கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த வரி: உறவுக்குப் பின் ரத்தம் படுகிறது என்பது. குச்சி, ஸ்மியர், மருந்து தடவிப் பார்ப்பது எல்லாமே எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களில் யாருக்குச் சிக்கல் இருக்கலாம் என்று சலித்தெடுக்க வந்தவை. ரத்தம் படுகிறவரைச் சலிக்க வேண்டியதில்லை, நேரே பார்க்க வேண்டும். ஸ்மியர் நார்மல் என்ற தாள் கையில் இருந்தாலும் அப்படித்தான். பெரும்பாலும் அழற்சி, சிறு பாலிப் (சதை வளர்ச்சி), உள்வாய்ச் சதை வெளியே தெரிவது போன்ற சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் அது கண்ணால் பார்த்த பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை. உங்கள் ரெஃபரல் சீட்டில் இந்த ரத்த விவரம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே உட்கார்ந்ததும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

அடுத்து, பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எச்.பி.வி. வைரஸில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கர்ப்பப்பை வாயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என்று பரிசோதனைகளில் தேடுவது 14 வகை வரைதான். திருமணமான பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்று வந்து போகும். பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் உடலே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் பல வருஷம் தங்கினால்தான் செல்கள் மாறத் தொடங்கும். அந்த மாற்றம் புற்றாக முற்றுவதற்கும் பொதுவாகப் பத்து, பதினைந்து வருஷம் பிடிக்கும். 16, 18 இரண்டும்தான் இதில் அதிக ஆபத்தானவை. அவை உங்களுக்கு இல்லை என்பது நல்ல செய்தி. ஆனால் நாற்பதைத் தாண்டியவரிடம் காணப்படும் தொற்று புதிதாக வந்ததை விட, நெடுநாள் தங்கியதாக இருக்க வாய்ப்பு கூடுதல். அதனால் விட்டுவிடவும் கூடாது.

இப்போது உங்கள் முக்கியக் கேள்வி: எது சரி? உங்களிடம் இருக்கும் தாள்களில் எதுவும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. குச்சி, வைரஸ் இருக்கிறதா என்று கேட்டது. இருக்கிறது என்று பதில் வந்தது. செல்கள் மாறியிருக்கின்றனவா என்ற கேள்விக்கு மற்ற இரண்டும் பதில் சொல்லியிருக்க வேண்டும். உங்களுக்கு அந்தப் பதில் இன்னும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து எடுக்கப்போகும் மாதிரியும் அதே காரணத்தால் வீணாகக் கூடாது.

கர்ப்பப்பை வாயின் வெளிப்புறத்தில் தட்டையான செல்கள் பல அடுக்காக இருக்கும். உள்ளே போகும் குழாயில் நீளவாட்டுச் செல்கள் ஒரே அடுக்காக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வளையம். அங்கே ஒருவகைச் செல் இன்னொரு வகையாக மாறிக்கொண்டே இருக்கிறது. வைரஸ் வேலையைக் காட்டுவது பெரும்பாலும் அந்த வளையத்தில்தான். இளவயதில் அது வெளியே நன்றாகத் தெரியும். வயது ஏற ஏற, முக்கியமாக மாதவிலக்கு நிற்கும் காலத்தை ஒட்டி, குழாய்க்குள் ஏறி மறைந்துகொள்ளும். மண் பரிசோதனைக்கு வயலின் நடுவில் குழி பறித்து எடுக்காமல் வரப்போரத்து மண்ணை அள்ளிக் கொடுத்தால் லேப் ரிசல்ட் கொடுக்கத்தான் செய்யும். அது உங்கள் வயலைப் பற்றிய ரிசல்ட்டாக இருக்காது. அந்த வளையத்தைத் தொடாமல் எடுத்த ஸ்மியரும் அப்படித்தான்.

முதலில் குச்சியைப் பார்ப்போம். நானே எடுத்ததால் தப்போ என்ற உங்கள் சந்தேகம் பலருக்கும் வருவது. சரியாக எடுக்காவிட்டால் இருக்கும் வைரஸ் தெரியாமல் போகலாம். இல்லாத வைரஸ் அதனால் முளைக்காது. நல்ல பரிசோதனைகளில் மனித செல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனையும் சேர்ந்தே நடக்கும். குச்சியில் செல்லே ஒட்டவில்லை என்றால் நெகட்டிவ் என்று வராது, செல்லாது என்று வரும். பி.சி.ஆர். முறையில் சோதித்தால், பெண்கள் தாமே எடுத்த மாதிரியும் மருத்துவர் எடுத்த மாதிரியும் முற்றிய செல் மாற்றம் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பதில் ஏறக்குறைய சமம். பழைய வகை சோதனைகளில்தான் தானே எடுத்த மாதிரி பின்தங்கியது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதல் பரிசோதனையாக எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையைச் சொல்லி, மாதிரியைப் பெண்களே எடுக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. 30 வயதிலிருந்து ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்பது அவர்கள் கணக்கு.

குச்சிக்கு ஒரு குறை உண்டு. அது யோனிச் சுவரிலிருந்தும் செல்களை எடுக்கும். வைரஸ் அங்கே மட்டும் இருந்தாலும் பாசிட்டிவ் வரலாம். அதே காரணத்தால் அந்தக் குச்சியை வைத்து செல் மாற்றத்தைப் பார்க்கவும் முடியாது. பாசிட்டிவ் வந்தவர் மருத்துவரிடம் ஒருமுறை போயே ஆக வேண்டும். முகாமில் இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பல பேர் "எடுத்ததையே ஏன் மறுபடி எடுக்கிறீர்கள்" என்று கோபப்படுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்தது வி.ஐ.ஏ. எனப்படும் சோதனை. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சில் தொட்டுக் கர்ப்பப்பை வாயில் வைத்து, ஒரு நிமிஷம் முழுதாகக் காத்திருந்து, வளையத்தை ஒட்டி அடர்த்தியான வெள்ளை படர்கிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார்கள். மாறிய செல்களில் உட்கருவும் புரதமும் அதிகம். அமிலம் பட்டதும் அது வெளுத்துத் தெரியும். இதைக் குறைத்துப் பேசமாட்டேன். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் செவிலியர்கள் ஒரே ஒரு தடவை இதைச் செய்தே, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இறப்பு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. ஆனால் இதில் லேபுக்குப் போகும் மாதிரி எதுவும் இல்லை. அந்த நிமிஷத்தில் பார்த்தவரின் கண்தான் ரிப்போர்ட். டார்ச் வெளிச்சம் மங்கலாக இருந்தாலோ, அமிலம் அன்று கலக்காமல் பழையதாக இருந்தாலோ, கூட்டத்தைப் பார்த்து அரை நிமிஷத்தில் முடித்துவிட்டாலோ தவறிவிடும். வளையம் உள்ளே ஏறிவிட்டவருக்கு நெகட்டிவ் என்று சொல்லவே கூடாது, முழுதாகத் தெரியவில்லை என்று எழுத வேண்டும். 44 வயதில் உங்களுக்கு அது எப்படி இருந்தது என்று சீட்டில் ஒரு வரி இருந்திருந்தால் இன்று உதவியிருக்கும்.

பாப் ஸ்மியர்தான் நம் பக்கம் அதிகம் கெட்டுப்போகும் மாதிரி. எடுக்க இரண்டு கருவி வேண்டும். ஒன்று, ஐஸ் குச்சி போலத் தட்டையான மர ஸ்பாச்சுலா. அதன் நீண்ட நுனியை வாய்த் துளையில் வைத்து ஒரு முழுச்சுற்று சுற்றி வெளிப்புறச் செல்களை எடுக்க வேண்டும். இரண்டாவது, சைட்டோபிரஷ் என்ற மெல்லிய பிரஷ். கடைசி வரிசை மயிர் மட்டும் வெளியே தெரியும் அளவுக்குக் குழாய்க்குள் நுழைத்து, கால் சுற்று அல்லது அரைச் சுற்று மட்டும் திருப்ப வேண்டும். அதற்கு மேல் சுற்றினால் ரத்தம் வரும். ஸ்பாச்சுலா முதலில், பிரஷ் பிறகு என்ற வரிசையும் இதற்காகத்தான். மாற்றிச் செய்தால் ஸ்லைடு முழுக்க ரத்தம். பிரஷ் கைவசம் இல்லையென்று ஸ்பாச்சுலாவோடு நிறுத்திவிட்டாலும், காது குடையும் பஞ்சுக் குச்சியால் எடுத்தாலும் (செல்கள் பஞ்சிலேயே சிக்கிக்கொள்ளும்) "உள்வாய் செல்கள் இல்லை" என்ற வரிதான் வரும்.

எடுத்த பிறகு கண்ணாடி ஸ்லைடில் ஒரே இழுப்பில் மெல்லியதாகத் தடவ வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் செல்கள் நசுங்கும், தடிமனாக விட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். தடவிய கையோடு 95 சதவீத எத்தில் ஆல்கஹாலில் போட்டுவிட வேண்டும். நோயாளியின் பெயரை எழுதிவிட்டுப் போடலாம் என்று ஸ்லைடை மேசையில் வைத்தால் அதற்குள் காய்ந்துவிடும். பெயரைப் பென்சிலால் முன்பே எழுதி வைக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் மேலே ஃபேன் ஓடும் அறையில் சில விநாடி தாமதமே போதும். காய்ந்த செல் உப்பி, உட்கரு பெரிதாகி வெளிறித் தெரியும். மாறிய செல் எது, காய்ந்த செல் எது என்று நுண்ணோக்கியில் பிரிப்பது கடினமாகிவிடும். ஆல்கஹாலில் குறைந்தது 15, 20 நிமிஷமாவது ஊற வேண்டும். அந்தப் பாட்டிலை மூடாமல் வைத்தால் சாராயம் ஆவியாகிப் பலம் குறைந்துவிடும் என்பதையும் பலர் கவனிப்பதில்லை.

உங்கள் முதல் ஸ்மியர் ரத்தமும் சீழ்ச் செல்களும் மூடியதால் வீணானது. முக்கால் பங்குக்கு மேல் மறைந்திருந்தால் லேப் அப்படித்தான் எழுத வேண்டும், எழுதியது நேர்மை. இரண்டாவது ஸ்மியரில் வெளிப்புறச் செல்கள் நன்றாக இருந்திருக்கின்றன, வளையத்தைச் சேர்ந்த செல்கள் இல்லை. அவை குறைந்தது பத்து தெளிவாகத் தெரிந்தால்தான் அந்த இடத்தைத் தொட்டதாகக் கணக்கு. எச்.பி.வி. இல்லாத பெண்ணுக்கு இந்த வரி வந்தால் நான் கவலைப்படச் சொல்லமாட்டேன், வழக்கமான இடைவெளியில் அடுத்த பரிசோதனை போதும். உங்கள் நிலை வேறு. வைரஸ் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அது தங்கும் இடத்தைத் தொடாத ஸ்மியரின் நார்மலை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. சாதாரணமாக, 16, 18 அல்லாத வகை பாசிட்டிவாக வந்து, நன்றாக எடுத்த ஸ்மியரும் நார்மல் என்றால் ஒரு வருஷம் கழித்து மறுபடி எச்.பி.வி. சோதனை செய்யச் சொல்வது வழக்கம். உங்கள் தெருவில் வேறு யாருக்காவது அப்படிச் சொல்லியிருந்தால் அதுவும் சரிதான், குழம்ப வேண்டாம்.

திரவ முறை ஸ்மியர் என்று ஒன்று இப்போது தஞ்சாவூர், திருச்சி லேப்களில் சொல்வார்கள். விளக்குமாறு போன்ற பிளாஸ்டிக் பிரஷ்ஷின் நடு மயிர் துளைக்குள் போகும்படி வைத்து, ஒரே திசையில் ஐந்து முறை சுற்றி, திரவப் பாட்டிலில் அலசிக் கொடுப்பார்கள். காய்ந்துபோகும் தொல்லையும் ரத்தம் மறைக்கும் தொல்லையும் குறையும். மிச்சத் திரவத்திலேயே எச்.பி.வி. சோதனையும் செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் செல் மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் திறனில், நன்றாக எடுத்த பழைய ஸ்மியரை விட இது மேல் என்று ஆய்வுகள் காட்டவில்லை. பணம் கூடுதல் என்பதால் ரிசல்ட்டும் கூடுதல் நம்பகம் என்று நினைக்க வேண்டாம்.

கால்போஸ்கோப்பி என்பது சுமார் 15 நிமிஷ வேலை. பிரசவத்துக்குப் படுப்பது போலப் படுக்க வைத்து, யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைத்து, வெளியே நிற்கும் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பார்கள். அந்தப் பெரிதாக்கும் கருவி உடலுக்குள் வராது. உப்புநீரால் துடைத்துவிட்டு அதே அசிட்டிக் அமிலம், பிறகு அயோடின். வளையம் முழுதாக வெளியே தெரிந்தால் முதல் வகை, கொஞ்சம் உள்ளே போயிருந்தாலும் முழுதாகப் பார்க்க முடிந்தால் இரண்டாம் வகை, மேல் எல்லை தெரியவே இல்லை என்றால் மூன்றாம் வகை என்று குறிப்பார்கள். பரிசோதனை முடிந்ததும் "எனக்கு எந்த வகை, சீட்டில் எழுதியிருக்கிறீர்களா" என்று கேளுங்கள். இனிமேல் வரும் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படிக்க அந்த விவரம் வேண்டும்.

வெள்ளையாகத் தெரியும் இடத்தில் 2, 3 மில்லிமீட்டர் அளவுக்குச் சதைத் துணுக்கு எடுப்பதுதான் பயாப்ஸி. மயக்க மருந்து பெரும்பாலும் தேவைப்படாது. சுருக்கென்று கிள்ளும், அடிவயிற்றில் மாதவிலக்கு வலி போல ஒன்று வந்து போகும். ஒன்றுக்கு மேல் எடுத்தால் பயப்படாதீர்கள், அது நல்ல மருத்துவம். ஒரு துணுக்கு மட்டும் எடுத்தால் முற்றிய மாற்றத்தில் சுமார் 60 சதவீதம்தான் பிடிபடுகிறது, இரண்டு எடுத்தால் 85, மூன்று எடுத்தால் 95 சதவீதம் வரை போகிறது என்று பல இடத்தில் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு உண்டு. மிக மோசமாகத் தெரியும் இடம் எது என்று கண் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதில்லை.

உள்ளே சுரண்டி எடுப்பது பற்றித்தான் உங்களுக்கு அதிகம் பயம். குழாயிலிருந்து மாதிரி எடுக்க இரண்டு வழி: கியூரெட் என்ற மெல்லிய சுரண்டி, அல்லது மேலே சொன்ன பிரஷ். கியூரெட்டால் குழாயின் நான்கு சுவரையும் சுரண்டி, வரும் சளி, ரத்தக்கட்டி எல்லாவற்றோடும் சேர்த்து, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடுவார்கள். நோயியல் மருத்துவருக்குச் சதையாகவே கிடைப்பதால் மாற்றம் எந்த அளவு என்று தரம் பிரிக்க முடியும். ஆனால் வலி கூடுதல். சில சமயம் வெறும் சளியும் ரத்தமும்தான் வந்து "மாதிரி போதாது" என்று திரும்பும். பிரஷ்ஷில் வலி குறைவு, செல் நிறையக் கிடைக்கும், போதாது என்று திரும்புவது குறைவு. ஆனால் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் வாயின் வெளிப்புறத்தில் உரசி அங்குள்ள மாறிய செல்லையும் எடுத்துக்கொண்டு வரும். அப்போது குழாய்க்குள் நோய் என்று தவறாகத் தெரியும். உறை போட்ட பிரஷ்ஷால் இது குறையும். என் தேர்வைக் கேட்டால், குழாய் வாய் சுருங்கிய வயதானவருக்கும் வலி தாங்காதவருக்கும் பிரஷ். உள்ளே சந்தேகம் வலுவாக இருந்து தரம் தெரிய வேண்டுமென்றால் கியூரெட்.

எல்லோருக்கும் சுரண்ட வேண்டியதில்லை. உங்கள் வளையம் முழுதாகத் தெரிந்து, சந்தேகப்படும் இடமும் முழுதாகக் கண்ணுக்குப் பட்டால் குழாய் மாதிரியால் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம்தான். மூன்றாம் வகையாக இருந்தாலோ, ஸ்மியரில் சுரப்பிச் செல் (குழாயின் நீளவாட்டுச் செல்) மாற்றம் என்று வந்தாலோ, ஸ்மியர் மோசமாக இருந்தும் வெளியே எதுவும் தெரியாவிட்டாலோ கண்டிப்பாக வேண்டும். கர்ப்பமாக இருந்தால் சுரண்டவே கூடாது. உங்கள் வயதிலும் மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் சிறுநீர் சோதனை செய்துவிட்டுத்தான் போக வேண்டும். கடைசியாக வந்த தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள்.

அங்கே நீங்கள் கவனிக்க வேண்டிய ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சில இடங்களில் பாட்டிலை உறவினர் கையில் கொடுத்து லேபில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்பார்கள். அப்படிக் கொடுத்தால் பாட்டிலில் உங்கள் பெயர், எண், எந்த இடத்துச் சதை என்று மூன்றும் ஒட்டியிருக்கிறதா பாருங்கள். குழாயிலிருந்து எடுத்தது தனிப் பாட்டிலில் இருக்க வேண்டும். வெளிச்சதையோடு ஒன்றாகப் போட்டால் இரண்டையும் தனியாக எடுத்ததே வீண். துணுக்கு திரவத்தில் முழுகியிருக்க வேண்டும், மூடியில் ஒட்டிக்கொண்டு காயக்கூடாது. அது 10 சதவீத ஃபார்மலின்; மூக்கைப் பிடுங்கும் வாடை வரும். வாடையே இல்லாமல் தண்ணீர் போல இருந்தால் உப்புநீரில் போட்டிருக்கலாம், உடனே திருப்பிக் காட்டுங்கள். உப்புநீரில் கிடந்தால் சதை அழுகிப்போகும்.

ரத்தம் நிற்க மான்செல் என்ற பசையைத் தடவி அனுப்புவார்கள். மூன்று நான்கு நாள் காப்பித்தூள் போலக் கறுப்பாகக் கசியும், பயப்பட வேண்டாம். ஒரு வாரம் உறவு வேண்டாம். குளம், வாய்க்காலில் இடுப்பளவு இறங்கிக் குளிப்பதையும் அந்த ஒரு வாரம் நிறுத்துங்கள், மொண்டு ஊற்றிக் குளிக்கலாம். நாற்றுக்கட்டு தூக்குவது போன்ற கனமான வேலையை இரண்டு மூன்று நாள் தள்ளிப்போடுங்கள். குறுவை நடவு நடக்கும் வாரத்தில் தேதி கொடுத்தால் கூலி போகுமே என்று அங்கேயே சொல்லி ஒரு வாரம் மாற்றிக் கேளுங்கள், தவறில்லை. போகாமல் விட்டுவிடுவதுதான் தவறு. ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் அளவு ரத்தம், காய்ச்சல், நாற்றத்தோடு கசிவு இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதற்கு: சதை எடுப்பதால் கர்ப்பப்பை வாய் நோய் பரவாது. ஏற்கெனவே முற்றிய நிலையில் வந்து, பயாப்ஸியில் உறுதியாகி, சில மாதத்தில் இறந்துபோன ஒருவரை அவர் பார்த்திருக்கலாம். அந்த உயிரைக் கொண்டுபோனது அதற்கு முன் வீணான வருஷங்கள். 2022-இல் நம் நாட்டில் 1,27,000 பேருக்கு மேல் இந்தப் புற்றுநோய் வந்தது, ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். சதை எடுத்து முன்கூட்டியே கண்டுபிடித்திருந்தால் இவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றியிருக்க முடியும் என்பதுதான் எங்களுக்குத் தாங்க முடியாத வருத்தம்.

ரிப்போர்ட்டில் செல் மாற்றத்தின் தரத்தை சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதுவார்கள். சி.ஐ.என். 1 என்று வந்தால் பெரும்பாலும் தானே சரியாகும். ஒரு வருஷம் கழித்து எச்.பி.வி. சோதனை. சி.ஐ.என். 2 அல்லது 3 என்றால் சிகிச்சை வேண்டும். இடம் முழுதாக வெளியே தெரிந்தால் 100 டிகிரி வெப்பக் கருவியை அரை நிமிஷம் அளவு வைத்துப் பொசுக்கலாம். உள்ளே நீண்டால் கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இதற்கெல்லாம் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. "உங்களுக்குத்தான் பிள்ளை பெற்றாயிற்றே, எடுத்துவிடலாம்" என்று நம் ஊர்களில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பயாப்ஸி ரிசல்ட் வருமுன் யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே மறைந்த புற்று இருந்து, அது தெரியாமல் சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் அந்த அறுவை போதாது, அடுத்த சிகிச்சையும் சிக்கலாகிவிடும்.

கணவரிடம் சொல்வது பற்றி: இந்த வைரஸ் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்ல முடியாது. பத்து, இருபது வருஷம் வெளியே தெரியாமல் இருந்துவிட்டுப் பிறகு தெரிவதும் உண்டு. இதை வைத்து உங்களையோ அவரையோ யாரும் குறை சொல்ல இடமில்லை. அவருக்குச் சோதனையும் தேவையில்லை, மருந்தும் தேவையில்லை. தஞ்சாவூருக்கு அவரையே கூட அழைத்துப் போங்கள், இதே வார்த்தைகளை அங்கே மருத்துவர் வாயால் கேட்கட்டும்.

மாதவிலக்கு தொடங்கிய பத்தாம் நாளிலிருந்து இருபதாம் நாளுக்குள் தேதி வாங்குங்கள். அதற்கு முந்தைய இரண்டு நாள் உறவு, உள்ளே வைக்கும் மாத்திரை, உள்ளே கழுவுவது எதுவும் வேண்டாம். டெட்டால், மஞ்சள் தண்ணீர் எல்லாம் எப்போதுமே வேண்டாம். எல்லாச் சீட்டையும் கொண்டுபோங்கள். கும்பகோணம் லேபில் அந்த இரண்டு ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனால் இன்னும் நல்லது, அங்கே மறுபடி பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் நாத்தனாருக்கு வருகிறேன். மாதவிலக்கு நின்றவருக்கு வளையம் உள்ளே ஏறிவிடுவதால் மருந்து தடவிப் பார்க்கும் சோதனை பயன்படாது, குச்சிதான் பொருத்தம். கையைக் கழுவி, ஒரு காலைப் படியில் தூக்கி வைத்தோ குத்தவைத்தோ, குச்சியை இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, கிட்டில் சொன்ன நேரம் வரை மெல்லச் சுற்ற வேண்டும். பெரும்பாலான கிட்களில் பத்து முதல் முப்பது விநாடி. கர்ப்பப்பை வாயைத் தொட வேண்டியதில்லை. வறட்சியால் எரிந்தால் மெதுவாகச் செய்யட்டும். எண்ணெய், கிரீம் தடவக் கூடாது. கிட்டோடு வரும் குழாயில் திரவம் இருந்தால் குச்சியை அதில் முன்கூட்டி நனைத்துவிட்டு உள்ளே விடுவது சிலர் செய்யும் தவறு. திரவம் எடுத்த பிறகுதான். குச்சி கீழே விழுந்தால் துடைத்துப் பயன்படுத்தாமல் வேறு கேட்டு வாங்குங்கள். குச்சி போட்ட அந்தக் குழாயை வெயிலில், மோட்டார் கொட்டகைத் தகரத்தடியில் வைக்காமல் அன்றோ மறுநாளோ சேர்த்துவிடுங்கள்.

கட்டிக்காகக் கர்ப்பப்பையை வாயோடு முழுதாக எடுத்தவர், முன்பு செல் மாற்றம் எதுவும் இல்லாதவர் என்றால் அவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைப் பார்த்தால் தெரியும். மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் குச்சியோடு நிறுத்த வேண்டாம், உங்களோடு அவரையும் தஞ்சாவூருக்கு அழைத்துப் போங்கள். வெட்கத்தில் சொல்லாமல் இருப்பார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.